வடத்தின்மேல் பழி போடாதீர்!

நம் பள்ளிகளில் கணினி ஒன்று இயங்க மறுத்தால் உடனே ஒலிக்கும் மந்திரம் ஒன்று உண்டு: "ஃபார்மட் பண்ணிடுங்க!" ஏன் பழுதானது என்று எவரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவினால் போதும். அதற்கும் மசியாவிட்டால் புதியது வாங்கிவிடலாம். ('ஃபார்மட்' என்பதற்குக் 'கைகழுவுதல்' என்று தமிழாக்கம் செய்தாலும் தகும்!) இந்த மனப்போக்கை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே எடைபோடுங்கள்.

எங்கள் கணினிக்கூடத்தில் இருபது கணினிகள் உள்ளன. ஒன்றிலும் வன்தட்டு இல்லை. மின்விசையைத் தட்டியதும், வலையட்டை தன்னுள் பொதிந்திருக்கும் சிறு நிரலைக்கொண்டு, சேவைக் கணினியிலிருந்து லினக்ஸ் கெர்னலை இறக்கிக்கொள்ளும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. அது எழுந்ததும் தனக்கொரு வலை முகவரியைக் கேட்டுப் பெற்று, சேவைக் கணினியிலுள்ள கோப்புகளையே தன் வட்டாகக் கொண்டு மற்ற வேலைகளைத் தொடங்கும். பழைய கணினிகளைப் பல்லாண்டுகள் உழைக்க வைக்கும் சிக்கனமான ஏற்பாடு இது.

பள்ளி விடுமுறையில் பராமரிப்புக் குத்தகையாளர் வந்து கெர்னலைப் புதுப்பித்துச் சென்றார். பள்ளி திறந்த அன்று இருபது கணினிகளும் கருந்திரையில் நின்றன. "ஐபி-கான்ஃபிக்: நோ நெட்வொர்க் டிவைசஸ் அவைலபிள்" என்றொரு வரி. வலைக்கருவி எதுவுமே தென்படவில்லை என்பது அதன் பொருள்.

தீர்ப்பு விரைந்து வந்தது. வடம் கெட்டுவிட்டதாம், சுவிட்சும் கெட்டிருக்கக்கூடுமாம், அனைத்தையும் மாற்ற இதோ விலைப்பட்டியல்! பெற்றோர் ஆசிரியர் சங்கத்து நண்பர் ஒருவரோ, "இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் ஐயா, லினக்ஸையே தூக்கிவிடுங்கள்" என்றார்.

சற்றே எண்ணிப் பாருங்கள் பெற்றோர்களே! வடம் கெட்டிருந்தால், அந்தப் பிழைச்செய்தியைத் திரையில் எழுதிய கெர்னல் எவ்வழியாக வந்து சேர்ந்தது? பறந்தா வந்தது? அதே வடம், அதே சுவிட்ச், அதே வலையட்டை வழியாகத்தானே வந்தது! இருபது வடங்களும் விடுமுறையில் கூடிப் பேசி ஒரே நாளில் இறந்துவிடுமா? மாறியது ஒன்றே ஒன்றுதான். சேவைக் கணினியில் பழைய கெர்னல் அழிக்கப்படாமல் இருந்தது. அதைக்கொண்டு ஒரு கணினியை இயக்கினேன், எழுந்தது.

எஞ்சிய கேள்வி, புதியதில் என்ன மாறியது என்பதே. கெர்னலை எப்படிக் கட்டினார்கள் என்பதை வெறும் எழுத்தாக ஓர் அமைவுக் கோப்பு சொல்லும். அதில் ஆயிரக்கணக்கான வரிகள். ஆனால் அத்தனையையும் படிக்க வேண்டியதில்லை. 'டிஃப்' என்னும் கட்டளை இரு கோப்புகளை ஒப்பிட்டு மாறிய வரிகளை மட்டும் காட்டும். உடனிருந்த ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. சிறுவர் பக்கத்தில் வரும் 'ஆறு வேறுபாடுகளைக் கண்டுபிடி' புதிர்தானே! பதிப்பு மாறியதால் வேறுபாடுகளே பல பக்கங்களுக்கு ஓடின. எங்கள் வலையட்டைக்குரிய இ1000இ என்ற பெயரைத் தேடினோம். 'ஒய்' என்றிருந்த இடத்தில் 'எம்' என்றிருந்தது.

ஓர் எழுத்து! 'ஒய்' என்றால் வலையட்டையை இயக்கும் நிரல் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். 'எம்' என்றால் அது தனிக்கோப்பாக வட்டில் இருக்கும். எங்கள் வட்டோ வலைக்கு அப்பால் இருக்கிறது. வலையைத் திறக்கும் சாவியை வலைக்கு அப்பால் வைத்துப் பூட்டிவிட்டார்கள்! வன்தட்டுள்ள கணினியில் இம்மாற்றம் பொதுவாகத் தீங்கு செய்யாது. தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறுபொதியில் இந்நிரலைச் சேர்த்து, முகவரி கேட்கும் பணியையும் அதனிடமே விட்டால் எங்களுக்கும் தீங்கில்லை. எங்கள் ஏற்பாட்டில் அப்பொதி இல்லை. எழுத்தை மீண்டும் 'ஒய்' ஆக்கிக் கெர்னலைக் கட்டினோம். இருபதும் எழுந்தன. வடத்துக்கு ஒரு சென்னும் செலவில்லை.

இவ்வளவு தெளிவான துப்பு கிடைக்காத வேளைகளும் உண்டு. அதற்கும் வழியிருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் என்ற கருவி, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்க உதவுகிறது. ஆயிரம் மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்கப் பத்துச் சோதனைகள் போதும். கணித ஆசிரியர்கள் இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டை எங்கே தேடுவார்கள்?

"ஆசிரியரின் வேலையா இது?" என்று கேட்கிறார்கள். பழுதுபார்ப்பது என் வேலையன்று, ஒப்புக்கொள்கிறேன். காரணம் கேட்கக் கற்பிப்பது யார் வேலை? 2017 முதல் 'கணினிச் சிந்தனை' நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021-இல் நீங்கிவிட்டது. ஆனாலும் வகுப்பில் சிந்தனையைப் பற்றிக் குறிப்பெடுக்க வைத்துவிட்டு, கூடத்தில் பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே 'ஃபார்மட்' செய்கிறோம்!

புதுப்பிக்க வருபவர் எவராயினும் பழைய அமைவுக் கோப்பையும் மாற்றக் குறிப்பையும் பள்ளியிடம் ஒப்படைக்க வேண்டும். பழுதின் காரணத்தை எழுத்தில் தராத எந்த விலைப்பட்டியலிலும் சங்கம் கையொப்பமிடக் கூடாது. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம், காரணத்தோடு.