சராசரிக்குள் மறையும் பிள்ளைகள்



பெற்றோர் கூட்டங்களில் திரையிடப்படும் வண்ண வண்ணப் பட்டைக் குறிவரைவுகளைக் கண்டு கைதட்டுகிறோம். அவற்றுட் பல நம் பிள்ளைகளின் அடைவைக் காட்டவில்லை, மறைக்கின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

சென்ற ஆண்டுச் சராசரி 62, இவ்வாண்டு 66 எனக் கொள்வோம். அச்சு 60இல் தொடங்கினால் இரண்டாம் பட்டை முதற்பட்டையினும் மும்மடங்கு உயர்ந்து நிற்கும். சுழியத்தில் தொடங்கினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். எண்கள் மெய்யானவை, படம்தான் ஏய்க்கிறது.

இதனினும் கொடியது சராசரி. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்ட பின்னர் வகுப்பறை மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகள் நமக்கு ஒரு முக்கிய அளவுகோல். ஒரு வகுப்பில் இருபது மாணவரும் நிலை 4இல் இருந்தால் சராசரி 4. மற்றொரு வகுப்பில் பத்துப் பேர் நிலை 6, பத்துப் பேர் நிலை 2. அங்கும் சராசரி 4தான்! நிலை 2இல் தவிக்கும் அந்தப் பத்துப் பிள்ளைகள் எங்கே போயினர்? 1973இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு எண் பட்டியல்களை வெளியிட்டார். நான்கிற்கும் சராசரி ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் வெவ்வேறு உருவம். அரை நூற்றாண்டு கடந்தும் நாம் அப்பாடத்தைக் கற்கவில்லை.

விண்டோஸ் 7 முதல் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் பவர்ஷெல் என்னும் கட்டளைத் திரை உள்ளது. அது தானாக வரைபடம் வரையாது. 'இம்போர்ட் எக்செல்' என்னும் இலவசத் துணைநிரலைச் சேர்த்துக்கொண்டால், மதிப்பெண் கோப்பைப் படித்து, நிலைக்கு எத்தனை பேர் என எண்ணி, குறிவரைவோடு கூடிய எக்செல் கோப்பாக்கலாம். அதை உருவாக்க அக்கணினியில் எக்செல் இருக்கவேண்டிய தேவைகூட இல்லை.

"எக்செலிலேயே சுட்டியால் செய்துவிடலாமே?" என்பர். செய்யலாம். ஆனால், அச்சை எங்கே தொடங்கினோம், தேர்வுக்கு வராதவரை நீக்கினோமா என்பதற்குச் சுட்டியின் சொடுக்குகள் தடயம் வைப்பதில்லை. கட்டளைகளோ வரிவரியாக எழுத்தில் நிற்கும். கட்டளையாலும் ஏய்க்கும் படத்தை வரைய இயலும்தான். எனினும் அந்த வரியைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த ஆண்டு வகுப்பை ஏற்கும் ஆசிரியரும் அதே வரிகளை இயக்கி ஒப்பிடலாம். மேலும், அழகிய படத்திற்காகப் பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் முன்பின் அறியாத இணையத்தளங்களில் ஏற்றும் வழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடன்று. இங்கே அவை நம் கணினியைவிட்டு வெளியேறா.

"இது பொறியாளர் வேலை" என்று ஒதுங்குவோருக்கு ஒரு சொல். முரசு அஞ்சலுக்கு அஞ்சாத நாம் பத்து வரிக் கட்டளைக்கு அஞ்சுவதா?

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் சராசரியைக் காட்டினால், நிலை 1இலும் 2இலும் எத்தனை பேர் என்று எழுந்து கேளுங்கள். அந்தப் படம் எவ்வாறு வரையப்பட்டது என்றும் கேளுங்கள்.