உத்திரமேரூருக்கு ஓர் இறகுப்பந்து மண்டபம்



2024 செப்டம்பரில் பாரிஸ் மாநகரில் நடந்தேறிய பாராலிம்பிக் இறகுப்பந்துப் போட்டியில், பெண்கள் ஒற்றையர் எஸ்.யு.5 பிரிவில், நமது காஞ்சிபுரத்துச் செல்வி துளசிமதி முருகேசன் வெள்ளிப் பதக்கமும், திருவள்ளூர்ச் செல்வி மனிஷா ராமதாஸ் வெண்கலமும் பெற்றதைத் தமிழகமே கொண்டாடிற்று. இறுதி ஆட்டத்தில் சீன வீராங்கனையிடம் துளசிமதி அடைந்த தோல்வியும் கௌரவமானதே என்பது என் அபிப்பிராயம். ஆயினும், பாராட்டு விழாக்களின் ஆரவாரத்தில் ஒரு லௌகிக விஷயம் மறந்துபோகிறது. 16 இறகுகள் கோத்து, 5.50 கிராமுக்கு மேற்படாத அப்பந்து, வைரமேக தடாகம் என்று சாசனங்கள் புகலும் எங்கள் ஏரிப் பக்கமிருந்து சாயங்காலத்தில் வீசும் காற்றுக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்? வெட்டவெளியில் சுண்ணாம்புக் கோடிட்டுப் பழகும் பிள்ளைகள் அடிக்கும் திசை ஒன்று, பந்து போகும் திசை வேறு. (கிரிக்கெட்டுக்கு இந்த உபத்திரவம் இல்லை; ஆகையால்தானோ என்னவோ எல்லோரும் அதன் பின்னே ஓடுகிறார்கள்!) 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளங்கள் இரண்டேனும் அடங்கத்தக்க, உயர்ந்த கூரையுள்ள மண்டபம் ஒன்றை இவ்வூரில் நிர்மாணிக்க அதிகாரிகள் சித்தம் வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சிரமமின்றி உள்ளே வரச் சாய்தளமும் அவசியம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உத்திரமேரூர்.