தூதரகங்கள் பறிகொடுப்பது யாருடைய இரகசியத்தை?

தூதரகக் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் நம் கருத்தரங்குகளில் இரண்டு விளக்கங்கள் ஒலிக்கின்றன. ஒன்று, ‘யாரோ ஓர் ஊழியரின் கவனக்குறைவு.’ மற்றொன்று, ‘இது தேசப் பாதுகாப்பு, வெளியில் பேசலாகாது.’ இரண்டையும் மறுக்கிறேன்.

2023-இல் கீவ் நகரில் போலந்துத் தூதரக அலுவலர் ஒருவர் தம் பிஎம்டபிள்யூ காரை விற்க அனுப்பிய உண்மையான விளம்பரத்தை ஊடுருவாளர்கள் நகலெடுத்து, தீநிரல் சேர்த்து, அங்குள்ள குறைந்தது 22 அயல்நாட்டுத் தூதரகங்களுக்கு அனுப்பினர். 2024 தொடக்கத்தில் ஐரோப்பியத் தூதரக அலுவலர்களைக் குறிவைத்து, இந்தியத் தூதரின் பெயரில் ஒயின் சுவைக்கும் விருந்துக்குப் போலி அழைப்பு பரவியது. அழைப்புகளைத் திறந்து படிப்பதே தூதரகப் பணி. அறிமுகமற்றோர் மடலைத் திறக்கவே அஞ்சுபவர் அப்பணியை ஆற்ற இயலாது. ஆகவே, ஒரு மடலைத் திறந்தமைக்காக ஊழியரைப் பழிப்பது, ஒரே மடலால் சரிந்துவிடும் கட்டமைப்பை அமைத்தவர்களைத் தப்பவிடுவதாகும்.

இரண்டாம் விளக்கம் இதனினும் தீங்கானது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் பங்கேற்று 2010-இல் வெளியிட்ட ‘ஷேடோஸ் இன் த கிளவுட்’ அறிக்கை, காபூல், மாஸ்கோ, துபாய், அபுஜா ஆகிய நகரங்களிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகங்கள் ஊடுருவலுக்கு உள்ளானதைக் காட்டியது. களவுபோனவற்றுள், ஆப்கானிஸ்தானில் நம் தூதரகங்களிடம் 13 நாட்டினர் அளித்த விசா விண்ணப்பங்களும் இருந்தன. போர் நடந்த நாட்டில் ஒருவர் யார், எங்கே பயணிக்கிறார் என்பது உயிரோடு தொடர்புடைய தகவல். இத்தகைய களவை இரகசியமென மூடினால் காக்கப்படுபவர் யார்? திருடியவருக்குத் தெரியும்; பறிகொடுத்த அரசுக்குத் தெரியும்; அறியாதவர் விண்ணப்பதாரர் ஒருவரே.

1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 24-ஆம் உறுப்பு, தூதரக ஆவணங்கள் எக்காலத்தும், எங்கிருப்பினும் மீறவொண்ணாதவை என்கிறது. இதை அரசுகளுக்கிடையிலான உரிமையாக மட்டுமே நாம் கற்பிக்கிறோம். அவ்வாவணத்தில் தன் வாழ்வை எழுதிக்கொடுத்த மனிதர் நம் பாடத்தில் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே நோய். தரவு மீறல் நேர்ந்தால் உரியவருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் அச்சட்டம், 17-ஆம் பிரிவில் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு முதலிய காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசை அனுமதிக்கிறது.

அறிவித்தால் எதிரி எச்சரிக்கையடைவான் என்பர். ஊடுருவலைக் கண்டறிந்த முறையை மறைத்துக்கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை காலமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘உமது கடவுச்சீட்டு விவரம் களவுபோயிற்று’ என உரியவரிடம் சொல்வதால் எந்தப் போர்த்தந்திரமும் வெளிப்படாது. வெளிப்படுவது நிர்வாகத்தின் தோல்வி மட்டுமே.

பன்னாட்டு உறவுகள் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இது கணினித் துறையின் பொருள் என ஒதுங்காதீர்கள். தூதரகச் சாளரத்தில் தம் ஆவணங்களை நீட்டுபவருக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது என்பது நம் துறையின் கேள்வி. அதை நாம் கேட்கவில்லையெனில், நம் தூதரகங்களைப் பற்றி அடுத்த முறையும் டொராண்டோவிலிருந்தே அறிந்துகொள்வோம்.