பேண்ட் இங்கிலீஷ், பாட்டு ராயபுரம்

நம்ம டிபார்ட்மென்ட்டில் மட்டும் குறைந்தது ஐந்து பேரிடம் அந்தக் கறுப்பு டி-ஷர்ட் இருக்கு. நடுவில் வெள்ளையில் ஒரு அலை வடிவம், ஆசிலோஸ்கோப்பில் தெரியுற மாதிரி. ஆர்க்டிக் மங்கீஸ். அதைப் போட்டுக்கிட்டுச் சுத்துற எல்லாருக்கும் ஒரு கேள்வி: அந்தப் பசங்க எந்த ஊரு? இங்கிலாந்து என்று சொன்னால் அரை மார்க்தான்.

ஷெஃபீல்டு. 1913-ல் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை உருக்கி எடுத்த ஊர். மெட்டலர்ஜி பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீங்க. லண்டன் மாதிரி பளபளப்பு கிடையாது. உலை, புகை, ஷிஃப்ட் வேலை. அப்புறம் ஆலைகள் மூடி வேலை போன வீடுகள். அந்த ஊரின் ஓரத்தில் ஹை கிரீன் என்ற பகுதியில் வளர்ந்த பள்ளிக்கூட நண்பர்கள் 2002-ல் ஆரம்பித்த பேண்ட் அது.

அவங்க எப்படி மேலே வந்தாங்க என்பதுதான் எனக்கு விஷயம். 2003 ஜூனில் ஷெஃபீல்டில் தி கிரேப்ஸ் என்ற பப்பில் முதல் மேடை. அப்புறம் அதே மாதிரி சின்னச் சின்ன இடங்கள். வாசித்து முடித்ததும் தாங்களே போட்ட டெமோ சி.டி.யை வந்தவங்களுக்குச் சும்மா கொடுத்துடுவாங்க. வாங்கிப் போனவங்க அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நெட்டில் பரப்பினாங்க. மைஸ்பேஸில் அவங்களுக்குப் பக்கம் ஆரம்பித்தது கூட ரசிகர்கள்தான். 2005-ல் டொமினோ என்ற சுயாதீன லேபிளோடு கையெழுத்து. அந்த அக்டோபரில் வந்த பாட்டு நேராக முதலிடம். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம், ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள். அதுவரைக்கும் பிரிட்டனில் எந்த முதல் ஆல்பமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. அதே வருஷம் மெர்க்குரி பரிசு. லேபிள் வருவதற்கு முன்னாடியே கூட்டம் தயாராக இருந்தது.

பாட்டில் அப்படி என்ன இருந்தது? கிளப் வாசலில் உள்ளே விடாத பவுன்சர், நடுராத்திரி டாக்சிக்கு கியூ, போலீஸ் வண்டி. சனிக்கிழமை ராத்திரி அந்த ஊரில் ஒரு பையனுக்கு நடப்பது, அவ்வளவுதான். அதையும் அலெக்ஸ் டர்னர் ஷெஃபீல்டு பேச்சிலேயே பாடினார், செய்தி வாசிக்கிற இங்கிலீஷில் இல்லை. பாதி வார்த்தை நமக்குப் புரியாது. லிரிக்ஸ் தேடிப் படித்துவிட்டு, "ஆக்சென்ட்டைக் கேளு மச்சி" என்று ஹெட்போனை நீட்டுறோம். காசிமேட்டுப் பையன் செமினாரில் வாயைத் திறந்தால் மட்டும் அதே ஆக்சென்ட் விவகாரம் காமெடி ஆகிடுது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு தடவை ஜன்னல் சீட்டில் போய்ப் பாருங்க. துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், அதுக்கப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கி. நடுவில் நகராத கன்டெய்னர் லாரி வரிசை. ஷெஃபீல்டைப் போய்ப் பார்க்க விசா எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்த்தால் போதும். இந்த ஊருக்கும் சொந்தமாக ஒரு பேச்சு இருக்கு, சொந்தமாக ஒரு பாட்டும் இருக்கு.

கானா என்றதும் சினிமா குத்துப்பாட்டு ஞாபகம் வந்தால் அது உங்க தப்பில்லை. ஆனால் சினிமா பிற்பாடு வந்தது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, போனவரின் பேரையும் செய்த வேலையையும் குணத்தையும் கோத்து அங்கேயே கட்டிப் பாடுவது கானா. தாளத்துக்கு டோலக், சட்டி. ஒன்றும் இல்லையென்றால் பெஞ்சுப் பலகை. மரண கானா விஜி மாதிரி பாடகர்கள் அதையே பேருக்கு முன்னாடி வைத்துக்கொண்டவர்கள். கூலி வேலைக்குப் போனவர்களின் தெருக்களில், பெரும்பாலும் தலித் மக்களின் தெருக்களில், வளர்ந்த கலை இது. இதை 'லோக்கல்' என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்குள்ளே என்ன ஒளிஞ்சிருக்குன்னு உங்களுக்கும் தெரியும்.

சினிமா கானாவைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. தேவா காலத்துப் பாட்டுகள், 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன், 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. அதெல்லாம் நல்லதுதான், நானும் ஆடியிருக்கேன். ஆனால் கானாக்காரருக்கு அதில் கிடைப்பது ஒரு படத்தில் ஒன்றிரண்டு பாட்டு. கதையில் எங்கே குத்து வேணுமோ அங்கே கூப்பிடுவாங்க. என்ன பாடணும் என்பதை முடிவு பண்றது வேற ஆளு. பேண்ட் வேற ஏற்பாடு. எழுதுறவங்க, பாடுறவங்க, வாசிக்கிறவங்க எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, எதைப் பாடலாம் என்று தாங்களே சண்டை போட்டு முடிவு பண்ணுவாங்க.

அப்படி ஒரு அறை 2017 கடைசியில் சென்னையில் திறந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 19 பேரைத் தேர்ந்தெடுத்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற பேண்டை உருவாக்கினார்கள். டென்மா அதுக்கு முன்னாடி கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்ற தமிழ் இண்டி பேண்டில் இருந்தவர். பேர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து வந்தது. 1907-ல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை ஆரம்பித்த அதே பண்டிதர்.

2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் மேடை. சபாக்களில் மார்கழிக் கச்சேரி ஓடிக்கிட்டிருந்த நாட்கள். இங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் எல்லாரும் கோட்டு சூட்டு. அம்பேத்கரின் படம் எதையாவது நினைச்சுப் பாருங்க, அந்த உடை ஏன்னு விளங்கும். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ்; இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்டை மோளம். கானா முத்து மாதிரி கானா பாடகர்கள், அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. சினிமாவில் இந்த ரெண்டுக்கும் சிச்சுவேஷன் யாரும் கொடுக்க மாட்டாங்க.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் கானா பாடகி, ராயபுரத்துப் பொண்ணு இசைவாணி. கானா ஆம்பளைங்க கச்சேரி என்று ரொம்ப நாளாக எழுதாத சட்டம். அதுக்குள்ளே போய் நின்று பாடினவரை 2020-ல் பி.பி.சி. உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ராயபுரத்துப் பேச்சை மாத்திக்காமலேதான் அங்கே போனார்.

இனி சொல்லப்போறதுக்கு அந்த பேண்டின் ரசிகர்கள் என்னைத் திட்டலாம். ஆர்க்டிக் மங்கீஸ் கீழேயிருந்து முளைத்து வந்தது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேலேயிருந்து கை கொடுத்துத் தூக்கிவிடப்பட்டது. 'கபாலி' எடுத்த இயக்குநரின் பேர் இல்லாமல் முதல் நாளே அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டாங்க. ரஞ்சித்தைக் குறை சொல்லவில்லை, அவர் செய்யாவிட்டால் வேற யாரும் செய்திருக்க மாட்டாங்க. ஆனால் ஷெஃபீல்டில் பேர் தெரியாத நாலு பசங்களுக்கு வாசிக்க ஒரு பப் இருந்தது. ராயபுரத்தில் என்ன இருக்கு? கல்யாண மண்டபம், கட்சி மேடை, சாவுப் பந்தல். மூணுலயும் அடுத்தவங்க கூப்பிட்டால்தான் பாடலாம்.

ஒரு பெரிய கை தூக்கிவிட்ட பேண்டுக்கு அடுத்தடுத்த படிக்கட்டு இல்லை. முதல் ரெண்டு மூணு வருஷத்து வேகம் பிறகு குறைந்தது, ஆளாளுக்குத் தனிவழி. அறிவு 2021 மார்ச்சில் தீயோடு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் அவருக்கு ஒரு அட்டை வந்தது. பல கோடி தடவை பார்க்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு அதுவரை ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். வியூஸ் எண்ணி சந்தோஷப்படுறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. பாட்டு பரவுறது வேற, பாடுறவங்க நிலைக்கிறது வேற.

எண்ணூருக்கு வாங்க. 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா, படமாக்கியது எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவில். வார்த்தைகள் சென்னைப் பேச்சுத் தமிழ். அருமையான வேலை. ஆனால் பெரிய கர்நாடக வித்வான் பாடினதால் ஊர் திரும்பிப் பார்த்தது என்பதையும் சொல்லணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் மிதந்து வலையும் படகும் கறுத்துப்போச்சு. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்க தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினாங்க. டாக்சி கியூவைப் பாடி ஒரு பேண்ட் உலகத்தைச் சுத்தி வந்துச்சு. அந்த ராத்திரி ஓடின பசங்களில் ஒருத்தனுக்குப் பாட்டு எழுத வரும், நிச்சயம் வரும். அவன் அதை எங்கே போய்ப் பாடுவான்?

"பேண்டே வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கிறவங்களுக்கு நம்ம ஏரியாவிலேயே பதில் இருக்கு. 1955-ல் ரெட்டிச்சின் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. பாகங்கள் அங்கிருந்து வரும், திருவொற்றியூரில் பூட்டுவார்கள். போகப்போக முழு வண்டியும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் கம்பெனி மூடி ஐம்பது வருஷத்துக்கு மேலாச்சு. இன்னைக்கு இங்கிலாந்துக்காரன் புல்லட் வேணும்னா இந்தியாவிலிருந்துதான் போகுது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்ற அமைப்பும் அப்படித்தான். சேஸிஸ் யாருதுன்னு பார்க்காதீங்க, சத்தம் யாருதுன்னு கேளுங்க.

போன வருஷம் ஒரு இன்டர் காலேஜ் கல்ச்சுரல்ஸ். எந்த காலேஜ் என்று வேண்டாம். பேண்ட் போட்டி விதிமுறையில் வெஸ்டர்ன் வாத்தியங்கள் மட்டும் என்று இருந்தது. எங்க செட்டில் கொருக்குப்பேட்டைப் பையன் ஒருத்தன் சட்டி வாசிப்பான். ஏழாவது வயசிலிருந்து மாமாவோடு கானாவுக்குப் போனவன், எந்த மெட்ரோநோமும் அவன்கிட்ட தோத்துப்போகும். "கானாவா? அதை டான்ஸ் ரவுண்டில் வச்சுக்கலாமே தம்பி" என்றார் கோ-ஆர்டினேட்டர். சட்டி பேக்கை விட்டு வெளியே வரவே இல்லை. அன்னைக்கு முதல் பரிசு, ஷெஃபீல்டு ஆக்சென்ட்டை அச்சு அசலாகப் பாடிய டீமுக்கு. நல்லாத்தான் பாடினாங்க, அதில் சந்தேகம் இல்லை.

நம்ம கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் நாள் இருக்கு. வாத்தியப் பட்டியலில் சட்டி, டோலக், பறை, கட்டை மோளம் எல்லாம் இருக்கணும். சொந்தப் பாட்டுக்குத் தனி மார்க் வேணும், கவர் பாட்டுக்குக் கொடுப்பதைவிட அதிகமாக. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி இருக்கிற டிராயிங் ஹால், எல்லாரும் கேட்-க்குப் போனதிலிருந்து பூட்டியே கிடக்கு. சுவர் தடிமன், பக்கத்தில் கிளாஸ் இல்லை, பிளக் பாயின்ட் இருக்கு. வாரத்தில் மூணு சாயங்காலம் அதைத் திறந்து கொடுத்தால் அதுதான் நம்ம பப். மாசம் ஒரு நாள் வெளியிலிருந்து பாடுறவங்களைக் கூப்பிடுவோம். கூப்பிட்டால் பொன்னாடை போர்த்தி மெமென்டோ கொடுத்து அனுப்ப வேண்டாம், பேசின தொகையை அன்னைக்கே ஜிபே பண்ணணும். ரெக்கார்டிங்கை இ.சி.இ. பசங்க பார்த்துப்பாங்க, ப்ராஜெக்ட்டுக்கு வாங்கின மைக் லேபில் தூங்குது. அந்த டெமோ சி.டி. செய்த வேலையை வாட்ஸ்அப் செய்யும், ஆனால் ஃபார்வர்ட் பண்ண வேண்டியது நீங்க.

முதல்வருக்கு மனு எழுதியாச்சு. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் லைப்ரரி வாசலில் இருப்போம், கையெழுத்துப் போட வாங்க. சட்டியும் கொண்டு வர்றோம், தட்டிப் பார்க்கலாம்.