கிளைடருக்கு ரோல்பேக் இல்ல

பிரிட்டனில் கார் ஓட்ட 17 வயசு ஆகணும். கிளைடரை 14 வயசிலேயே தனியா ஓட்டலாம். பழகப் போறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, "எந்த ஆப் நல்லது?" கிளப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேற: "வானிலை கெட்டா எப்போ நிறுத்துவீங்க?"

பயிற்சி கிளைடர்களில் பெரும்பாலும் இன்ஜின் கிடையாது. இறங்கும்போது சரியா வரலைன்னா, மறுபடி மேலே ஏறி இன்னொரு சுற்று வர முடியாது. நம்ம பாஷையில, ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட்.

தரையை நெருங்க நெருங்க எதிர்காற்று குறையும். மேலே 20 நாட் இருந்தது கீழே 10 ஆனா, இறக்கை மேல ஓடுற காற்றின் வேகமும் சட்டுன்னு விழும். அதனாலதான் வழக்கமான இறங்கு வேகத்தோட காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டச் சொல்லித் தர்றாங்க: 50 நாட்டில் இறங்குறவர், 20 நாட் காற்றில் 60.

இடிமேகம் இன்னும் மோசம். மழை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே, அதிலிருந்து இறங்குற குளிர்காற்று தரையோடு பரவி வந்து, ஓடுபாதையில் காற்றின் திசையையே மாத்திடும். உயரமும் வேகமும் குறைஞ்ச நிலையில் கடைசித் திருப்பத்தை அவசரமா எடுத்தா கிளைடர் சுழன்று விழலாம். மீட்க உயரம் இருக்காது.

எக்ஸ்சி-சோர் அருமையான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான். ஆனா நீங்க வட்டமடிச்சப்போ எந்தப் பக்கம் நகர்ந்தீங்கன்னு பார்த்துத்தான் அது காற்றைக் கணிக்குது. அது மேலே வீசின, கடந்துபோன காற்று. பத்து நிமிஷம் கழிச்சு தரையில் வீசப்போறது அதுக்குத் தெரியாது. ஃப்ளார்ம் பக்கத்துல வர்ற கிளைடரைக் காட்டும். வர்ற மேகத்தை இல்ல.

"காற்றே இல்லாத நாளில் மட்டும் பறந்தா எப்போ கத்துக்கிறது?" நியாயமான கேள்வி. பலமா, ஆனா சீரா வீசுற காற்றில் பயிற்சியாளரோடு பறந்து கத்துக்கணும். நிமிஷத்துக்கு நிமிஷம் மோசமாகுற வானிலை பாடம் நடத்துற இடம் இல்ல.

காலையிலிருந்து வரிசையில் நின்னவருக்கு "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னுதான் தோணும். அந்த நேரத்தில் எடுக்குற முடிவு நல்லா இருக்காது. அதனால எத்தனை நாட்டில் மாணவர் தனியாப் பறக்கிறதை நிறுத்தணும், எந்த மேகம் தெரிஞ்சா எல்லாரும் இறங்கணும்னு காலையிலேயே போர்டில் எழுதிடணும். "இன்னைக்கு நான் பறக்கல"ன்னு சொல்ற பதினாலு வயசுப் பிள்ளையைக் கேலி பண்ணாத கிளப்பாப் பார்த்துச் சேருங்க.