டோனி ஐயோமியும் லோக்கல்தான்

இது கொஞ்சம் வயிற்றெரிச்சலில் எழுதுவது. படித்துவிட்டு யாராவது "நம்மளத்தான் சொல்றானோ" என்று நினைத்தால், ஆமாம், உங்களைத்தான்.

2025 ஜூலை 22-ஆம் தேதி ஓஸி ஆஸ்பர்ன் இறந்துபோனார். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வகுப்பு ராக் ரசிகர்களின் மலரும் நினைவுகள். இன்னும் ஓயவில்லை. பிளாக் சபாத், டீப் பர்ப்பிள், அயர்ன் மெய்டன் என்று ஒவ்வொருவனிடமும் ஒரு பட்டியல். "1970 மாதிரி இனி வராது மச்சி" என்று ஏங்குகிறான் ஒருவன். 1970-ல் அவன் அப்பாவே பிறந்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஏங்கட்டும், தப்பில்லை. எனக்கும் அந்தப் பாட்டுகள் உயிர். என் பிரச்சினை வேறு.

கடம்பத்தூரிலிருந்து காலேஜுக்கு அரக்கோணம் லைன் லோக்கலில்தான் போகிறேன். காலை வண்டியில் பாதிப்பேர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள். திருவள்ளூர் தாண்டினால் நிற்கவே இடம் இருக்காது. எங்கள் தெரு அண்ணன் ஒருவரும் அதே பெட்டியில் வருவார். வண்டியின் தகரச் சுவரில் தாளம் தட்டிக் கானா பாடுவார். அவர் ஆரம்பித்தால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள்.

போன மாதம் என் வகுப்பு நண்பன் திருவள்ளூரில் ஏறினான். பிளாக் சபாத் டி-ஷர்ட். அண்ணன் பாட ஆரம்பித்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு என் காதில் சொன்னான்: "சரியான லோக்கல்டா, அந்தப் பக்கம் போயிடலாம்."

நண்பா, உன் நெஞ்சில் படமாக இருக்கிற ஆட்களின் கதை தெரியுமா உனக்கு?

டோனி ஐயோமி பர்மிங்காமில் ஒரு ஷீட் மெட்டல் பாக்டரியில் வேலை பார்த்தவர். 17 வயது. பேண்டோடு வெளியூர் போகலாம் என்று வேலையை விடுகிறார். கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை என்கிறார். அம்மாதான், எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைக்கிறார். வழக்கமாக பிரஸ் மிஷினில் நிற்கிறவர் அன்றைக்கு வரவில்லை. ஐயோமியை அதில் நிற்கவைக்கிறார்கள். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயிற்று.

இடதுகைக்காரர் என்பதால் கிட்டாரில் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். பாக்டரி ஃபோர்மேன் ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீவிபத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் ஐரோப்பாவையே கட்டிப்போட்ட கிட்டார்காரர் ஜாங்கோ. அதன்பிறகு ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தார். பின்னால் கம்பியின் இறுக்கத்தையும் தளர்த்தினார். அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். ஹெவி மெட்டல் என்று நாம் கும்பிடுகிற சமாசாரம் ஒரு பிரஸ் ஷாப் விபத்திலிருந்து எழுந்து வந்தது.

ஓஸி மட்டும் என்ன பிரபு வம்சமா? கறிக்கூடத்தில் மாடு வெட்டியவர். லூகாஸ் பாக்டரியில் கார் ஹாரனைச் சரிபார்த்தவர். அதே லூகாஸ் கம்பெனியின் கூட்டில்தான் 1961-ல் நம்ம பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. ஜூடாஸ் பிரீஸ்ட்டின் கிளென் டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்த்தவர். எல்லாருமே ஷிஃப்ட் ஆட்கள், ஷிஃப்ட் ஆட்களின் பிள்ளைகள்.

1970-ல் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டது. படித்தவர்களுக்கு அன்றைக்கு அது வெறும் இரைச்சல். ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்க 2006 ஆயிற்று. அதாவது நண்பா, நீ அன்றைக்கு ரயிலில் சொன்ன அதே வார்த்தையை அவர்களைப் பார்த்தும் சொன்னார்கள்.

இப்போது அண்ணன் கதை. அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. கணக்குக் காட்ட வேண்டும் என்று சென்சாரை அணைத்துவிட்டுத்தான் மிஷினை ஓட்டுவார்களாம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நைட் ஷிஃப்டில் வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. ஆம், அதே கை, அதே மாதிரி இரண்டு விரல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், அடுத்த மாதம் வரவேண்டாம் என்றார்கள். இப்போது வேறொரு இடத்தில் ஹெல்பர். தாளத்தை உள்ளங்கையால் தட்டுகிறார். "முன்ன மாதிரி சத்தம் வரலடா" என்றார் ஒருநாள், அவ்வளவுதான்.

அவருக்கு ஒருமுறை என் இயர்போனில் "அயர்ன் மேன்" போட்டுக்காட்டினேன். ஆரம்பத்தில் டிரம் மட்டும் தனியாக இடிக்குமே, அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாடா, எங்க பிரஸ் ஓடுற மாதிரியே கீது!" டி-ஷர்ட் போடாத அவருக்கு அந்தப் பாட்டு பத்து நொடியில் புரிந்துவிட்டது.

"பிடித்ததைக் கேட்கிறோம், இதில் ஏன் அரசியல்?" என்று கேட்பீர்கள். கானா பிடிக்கவில்லையா, தாராளமாகக் கேட்காதே. பெண்களைக் கேவலப்படுத்தும் சில கானாப் பாட்டுகள் எனக்கும் ஆகாது. ஆனால் "பிடிக்கவில்லை" என்பது பாட்டைப் பற்றிய பேச்சு. "லோக்கல்" என்பது பாடுகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதைப் பற்றிய பேச்சு. சாதி பேரைச் சொல்லாமல் சாதியைச் சொல்ல நம்ம ஊரில் வழக்கத்தில் இருக்கிற நாகரிகமான வார்த்தை அது. பர்மிங்காம் தொழிலாளி எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அவன் தெரு உனக்குத் தெரிவதில்லை, ஆகவே அவன் கலைஞன். கடம்பத்தூர்க்காரனின் தெரு உனக்குத் தெரியும், ஆகவே அவன் லோக்கல்.

"தமிழில் ராக் எங்கே இருக்கிறது?" என்பது அடுத்த புலம்பல். 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியது. பா. ரஞ்சித் முன்னெடுப்பு, டென்மா இசை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் பறையும் சட்டியும். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத் தமிழரிலிருந்து வந்தது அந்தப் பெயர். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று, நாம் வகுப்பில் பேசத் தயங்குகிற எல்லாவற்றையும் பாடினார்கள். ஐயோமி ஊர்க்காரர்கள் தங்கள் பாக்டரி இருட்டைப் பாடியது ராக் என்றால், இது என்னவாம்? நம் பட்டியலில் ஒருவனாவது இதைச் சேர்த்தானா?

ராக் செத்துவிட்டது என்று அழுகிறவர்கள் ஒருநாள் காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வண்டியில் இயர்போன் இல்லாமல் வந்து பாருங்கள். நண்பா, அந்த டி-ஷர்ட்டைக் கழற்ற வேண்டாம், நல்லாத்தான் இருக்கிறது. அடுத்தமுறை அண்ணன் தட்ட ஆரம்பிக்கும்போது தள்ளிப் போகாமல் நில், போதும்.