கார்பன் தடம்: சிரிக்கலாம்தான், ஆனா யாரைப் பார்த்து?

“சார்ஜ் ஏறியதும் ப்ளக்கைப் பிடுங்கு, பூமியைக் காப்பாற்று.” இப்படி ஒரு மீம் உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியிருக்கலாம். காலநிலை மாற்றத்தைப் பேசவைக்க நகைச்சுவை நல்ல வழிதான். ஆனால் அந்த மீம் சரியான இடத்தைக் காட்டுகிறதா? ஒரு கணக்குப் போடுவோம்.

எது பெரிசு?

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஃபோனை ஒருமுறை சார்ஜ் செய்ய ஏறக்குறைய 0.02 யூனிட். தினமும் போட்டாலும் வருஷத்துக்கு 5 கிலோதான். படுக்கையறை ஏசி ஒரு ராத்திரிக்கு 8 யூனிட் இழுத்தால் 5.6 கிலோ. ஒரு வருஷ சார்ஜை ஒரே தூக்கத்தில் தாண்டிவிடுகிறோம்!

வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில், வீடு நாகர்கோவிலில் என்றால்? போக வர சுமார் 160 கி.மீ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் தனியாகப் போனால் கிட்டத்தட்ட 25 கிலோ. ஐந்து வருஷ சார்ஜ், ஒரே ட்ரிப்பில் காலி. நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு 6 கிலோ சொச்சம். கழக்கூட்டத்தில் ரயில் நிலையமும் இருக்கிறது.

ஜோக் என்ன செய்யும்?

எண்கள் மறந்துபோகும், படம் நிற்கும். பல் மருத்துவம் படித்த நாக்பூர்க்காரர் ரோஹன் சக்ரவர்த்தி, ‘கிரீன் ஹ்யூமர்’ கார்ட்டூன்களில் விலங்குகளைப் பேசவிட்டு மனிதர்களைக் கலாய்க்கிறார். அறிவுரை என்றால் நகர்ந்துவிடுகிறவர்களும் நின்று பார்ப்பது இதனால்தான்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

‘கார்பன் தடம்’ என்ற சொல்லை 2000களில் விளம்பரங்கள் மூலம் பிரபலமாக்கியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். “உங்கள் தடம் என்ன?” என்று கேட்டதில், எண்ணெய் விற்றவரின் தடம் பின்னால் போனது.

எதிர்த்திசையில் போனது 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’. விஷயம் கார்பன் அல்ல, தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம். அந்த ராப் நையாண்டி நேராக யூனிலீவரைக் கேள்வி கேட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பல வருஷப் போராட்டத்தின் பலன் அது. பாட்டு அதை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது.

அடுத்த மீமை அனுப்பும் முன்

இரண்டு கேள்விகள்: இது பெரிய எண்ணைக் காட்டுகிறதா? அதை மாற்றக்கூடியவர் கண்ணில் படுமா? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோட் எழுதவைக்கும் ஆபீஸ் ஏசியின் ரிமோட் உங்களிடம் இல்லை. அந்தக் கார்ட்டூனை நண்பருக்கு மட்டும் அனுப்பாதீங்க. ஃபெசிலிட்டி டீமுக்கும் ஒரு காப்பி போகட்டும்.